முள்ளங்கிக்குச் சொந்தப் புளிப்பு கிடையாது: கொள்ளிடப் படுகையில் ஒரு ஊறுகாய் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருவையாற்றுக்கு வடக்கே, கொள்ளிடப் படுகையில் உள்ள ஒரு விவசாயக் குடும்பம். கணவன், மனைவி, கணவரின் தாய், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். வயலில் சம்பா நெல், வீட்டுக்குப் பின்னால் சின்னக் கொல்லை. டெல்டாவில் களி மண் உள்ள பக்கங்களில் முள்ளங்கி போட்டால் கிழங்கு கிளை பிரிந்து முறுக்கிக்கொள்ளும். படுகை மண்ணோ ஆறு கொண்டுவந்து போட்ட மணல் கலந்த வண்டல். கிழங்கு தடையில்லாமல் நேராக இறங்கும்.

ஐப்பசி அடைமழை விட்டதும் கார்த்திகை முதல் வாரத்தில் சுமார் அரை சென்ட் பாத்தியில் பூசா சேட்கி ரக விதையைப் போட்டார்கள். 40 முதல் 45 நாளில் பிடுங்க வேண்டிய ரகம் அது. முழுப் பாத்தியையும் ஒரே நாளில் விதைத்ததால் மார்கழி மூன்றாம் வாரத்தில் எல்லாம் ஒன்றாகத் திரண்டு நின்றன. மொத்தம் ஐம்பது கிலோ இருக்கும். அது பொங்கல் சமயம் வேறு. அந்த வாரத்தில் சந்தைக்கு வருபவர்கள் மொச்சை, அவரை, பரங்கி, சர்க்கரைவள்ளி, கரும்பு என்றுதான் தேடுவார்கள். மண்டியில் முள்ளங்கிக்குச் சொன்ன விலையில் ஆட்டோ வாடகைகூடத் தேறவில்லை. சாம்பார், பொரியல், அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தது எல்லாம் போக முப்பத்தைந்து கிலோவுக்கு மேல் மீதி.

மாமியார் ஊறுகாய் போடுவதில் கை தேர்ந்தவர். அந்தத் தெருவில் ஆவக்காய்க்கும் எலுமிச்சைக்கும் அவரைக் கேட்டுத்தான் உப்புப் போடுவார்கள். அதனால் முதல் நான்கு கிலோவை அவரே எடுத்து மாங்காய்க்குச் செய்வதுபோலவே செய்தார். கழுவி, துடைத்து, துண்டு போட்டு, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், கடுகு, வெந்தயப்பொடி சேர்த்து, காய்ச்சி ஆறிய நல்லெண்ணெயை மூழ்க ஊற்றி, ஜாடிக்கு வேடு கட்டி அடுப்படி மேடையில் வைத்தார்.

கண்டது

ஒரு வாரம் கழித்து, போகிக்கு இரண்டு நாள் முன்பு, மருமகள் எனக்குப் போன் செய்தார். மகளிர் குழுக்களுக்கு உணவுப் பதப்படுத்தும் பயிற்சி கொடுப்பது என் வேலை. அவர் என் வகுப்பு ஒன்றுக்கு வந்தவர். “டீச்சர், ஜாடியிலேருந்து நுரை வருது. அத்தை ஊறட்டும்ங்கறாங்க. எனக்கு மனசு ஒப்பல.”

வேட்டை அவிழ்த்துப் பார்த்தோம். எண்ணெய் மேலே ஒரு விரல் உயரம் நின்றது. அதற்கடியில் தெளிவான நீர் ஒரு அடுக்காகப் பிரிந்திருந்தது. துண்டுகளுக்கு இடையிலிருந்து குமிழி மெல்ல ஏறி, எண்ணெயில் கொஞ்ச நேரம் தங்கி உடைந்தது. புளித்த வாடை இல்லை. கெட்ட முட்டையின் சாயல் இருந்தது. கந்தகச் சேர்மங்கள் உள்ள கடுகுக் குடும்பத்துச் செடி என்பதால் முள்ளங்கிக்கு இயல்பாகவே ஒரு வாடை உண்டு. அதை மட்டும் வைத்துக் கெட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஒரு துண்டைக் குறுக்கே வெட்டினோம். வெளிப்புறம் ஒரு நூல் கனத்துக்கு மசாலா நிறம் ஏறியிருந்தது, உள்ளே அன்றைக்குப் பிடுங்கிய கிழங்குபோல வெள்ளை. உப்பும் காரமும் நடுவரை போகவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அந்த வெள்ளைப் பகுதியை மட்டும் எடுத்து நசுக்கி, சாற்றில் பி.எச். தாளைத் தொட்டேன். பள்ளி ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் இந்தத் தாள் கிடைக்கும். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம் என்று பொருள். மஞ்சள் கலந்த நீரைத் தொட்டால் தாளின் நிறம் ஏமாற்றும், அதனால்தான் வெள்ளைப் பகுதி. நிறம் 5-க்கும் 6-க்கும் நடுவே நின்றது.

உப்பு எவ்வளவு என்று கேட்டதற்கு, “கிலோவுக்கு ஒரு கைப்பிடி” என்றார் மாமியார். அவர் கையால் கல்லுப்பை அள்ளச் சொல்லித் தராசில் வைத்தோம்: 45 கிராம். மருமகள் அள்ளியது 30 கிராம். அந்த வீட்டு உப்பு வேதாரண்யத்து உப்பளத்துக் கல்லுப்பு, மார்கழிப் பனியில் நசநசவென்று ஈரம் கோத்திருந்தது. வாணலியில் வறட்டிய பிறகு இரண்டு எடையும் இன்னும் குறைந்தன. ஆக, நான்கு கிலோ முள்ளங்கிக்குப் போனது 180 கிராம்கூட இல்லை.

மாங்காய் முறை இங்கே ஏன் செல்லாது

இந்த நிகழ்வின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

மாங்காயும் எலுமிச்சையும் தங்கள் புளிப்பைத் தாங்களே கொண்டுவருகின்றன. உப்பு சற்று முன்னே பின்னே ஆனாலும், துண்டில் ஈரம் கொஞ்சம் தங்கினாலும் அந்தப் புளிப்பு காப்பாற்றிவிடும். தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் எண்ணெய் ஊறுகாய் நிற்பதற்கு எண்ணெயைவிட இந்தப் புளிப்புதான் பெரிய காரணம். முள்ளங்கிக்கு அது கிடையாது. அதன் எடையில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். உப்புப் பட்டதும் அந்தத் தண்ணீர் வெளியேறி, போட்ட உப்பையே நீர்க்க வைக்கும்.

அதன் மேல் எண்ணெய் ஊற்றும்போது காற்று புகாத ஒரு இடத்தை நாமே உருவாக்கிக் கொடுக்கிறோம். மண்ணில் இயல்பாக வாழும் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் கிழங்கோடு ஒட்டி வரலாம். கொதிநீரில் போட்டாலும் அவை சாவதில்லை. காற்று இல்லாமல், உப்பு குறைவாக, பி.எச். 4.6-க்கு மேலாக, நம் ஊர் வெப்பமும் சேர்ந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. பார்வை மங்குவது, இமை தொங்குவது, விழுங்க முடியாமல் போவது என்று தொடங்கி மூச்சு வரை போகக்கூடியது. அந்த ஜாடியில் நஞ்சு இருந்தது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று சொல்ல அந்த வீட்டில் யாரிடமும் வழி இல்லை.

முதல் முடிவு: ஜாடியை அப்புறப்படுத்துவது

மாமியாருக்கு இது எளிதாக இல்லை. “மேலாக உள்ளத எடுத்துட்டு, அடுப்புல ஏத்தி வதக்கி, மறுபடி எண்ணெய் ஊத்திட்டா சரியாப் போகும்மா. எத்தனை ஜாடியைப் பார்த்திருக்கேன்” என்றார். ஒரு லிட்டருக்கு மேல் செக்கு நல்லெண்ணெய் போயிருந்தது. அந்தச் செலவும், இத்தனை வருடக் கைப்பக்குவத்தைக் கேள்வி கேட்டதுபோல் ஆனதும் அவரை வருத்தியது. வதக்கினால் உருவான நஞ்சு ஒருவேளை அழியலாம், ஆனால் ஒவ்வொரு துண்டின் நடுவரை அந்தச் சூடு போனது என்று உறுதி சொல்ல முடியாது. வித்துகள் எப்படியும் மிஞ்சும். ருசி பார்த்துத் தெரிந்துகொள்ளவும் கூடாது. பிள்ளைகள் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளப் போகும் பொருளில் சந்தேகத்தின் பலனைப் பிள்ளைகளுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று அழுத்தமாகவே சொன்னேன்.

கணவர் இரண்டு நாள் முன்பு ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டிருந்தார். அறிகுறிகள் பொதுவாக 12 முதல் 36 மணி நேரத்தில் தெரியும், சில சமயம் சில நாள்கூட ஆகும். மேலே சொன்ன அறிகுறிகளை எழுதிக் கொடுத்து, எது தென்பட்டாலும் நேரம் பார்க்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய் என்ன சாப்பிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும் என்றேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஊறுகாயை மாட்டுக்கோ கோழிக்கோ போடாமல், கொல்லைக் கோடியில் ஆழமாகக் குழி எடுத்துப் புதைத்தார்கள். ஜாடி, கரண்டி, மேடை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவினார்கள். வேட்டுத் துணியை எரித்துவிட்டார்கள்.

இரண்டாவது முடிவு: பிரித்துப் போடுவது

மீதி கிழங்கு இன்னும் பாத்தியிலேயே இருந்தது. பருவம் தாண்டிக்கொண்டிருந்ததால் மறுநாள் காலையிலேயே எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னேன். பொங்கல் வேலை தலைக்கு மேல் கிடந்தாலும் கணவரும் பிள்ளைகளும் சேர்ந்து பிடுங்கினார்கள். பிடுங்கிய கையோடு தழையை அறுத்துவிட வேண்டும். விட்டால் கிழங்கின் நீரைத் தழை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இளந்தழை பொரியலுக்குப் போனது.

முற்றிய கிழங்கைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. இலைக் காம்பைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது. காம்பு பச்சையாக, நிறைவாக இருந்தால் கிழங்கும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். காம்பின் நடுவே வெளுத்துச் சக்கையாக இருந்தால் கிழங்கும் நெட்டி விழுந்திருக்கும். நெட்டி விழுந்தது பார்ப்பதற்குப் பெரிதாக, கையில் எடுத்தால் கனமில்லாமல் இருக்கும். அதை என்ன செய்தாலும் ஊறுகாயில் பஞ்சு கடிப்பதுபோல்தான். அப்படி ஏழு கிலோ கழிந்தது. மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளுக்கு வைத்தார்கள், அதுவும் பால் கறந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக. முள்ளங்கி நிறையத் தின்றால் பாலில் வாடை ஏறும்.

நல்லதாகத் தேறியது சுமார் இருபத்தைந்து கிலோ. வீட்டில் இருப்பது சின்ன குளிர்சாதனப் பெட்டி. உள்ளே எத்தனை பாட்டில் நிற்கும் என்று முதலில் அடுக்கிப் பார்த்துவிட்டு அதற்கேற்பப் பங்கு போட்டோம். நடுத்தரக் கிழங்கு ஐந்து கிலோ உப்பு நீரில் நொதிக்க, பிஞ்சு மூன்று கிலோ வினிகருக்கு, பெரியது பன்னிரண்டு கிலோ உலர்த்திப் போடும் எண்ணெய் ஊறுகாய்க்கு. மீதியை ஈர மணலில் புதைத்து அன்றாடச் சமையலுக்கு வைத்தார்கள்.

வினிகர் பாட்டில்கள்

இதில் சொல்ல அதிகம் இல்லை. கடையில் வாங்கிய வெள்ளை வினிகரின் லேபிளில் 4 சதவீத அமிலம் என்று இருந்தது. 5 சதவீத வினிகருக்குச் சம அளவு தண்ணீர் சேர்ப்பார்கள். இது வீரியம் குறைந்தது என்பதால் இரண்டு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணீர். உப்பு, கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக் கொதிக்க வைத்து, மெல்லிய வில்லைகள், இஞ்சி, பச்சைமிளகாய், மிளகு போட்ட கண்ணாடி பாட்டிலில் சூடாக ஊற்றி, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஒரு பாட்டிலில் மருமகள் பீட்ரூட் துண்டு ஒன்றைச் சேர்த்தார். அந்தச் சிவப்புப் பாட்டில்தான் முதலில் காலி.

உப்பு நீர் ஜாடிகள்

நம் பக்கத்தில் பழக்கம் குறைந்த முறை இது. முள்ளங்கியில் இல்லாத புளிப்பை, அதன் மேல் இயல்பாக உள்ள நல்ல பாக்டீரியாக்களைக் கொண்டே லாக்டிக் அமிலமாக உண்டாக்குவது. இதற்கு உப்பின் எடை சரியாக இருந்தே ஆக வேண்டும். பலரும் தண்ணீரின் எடைக்கு மட்டும் கணக்குப் பார்த்துக் கோட்டை விடுகிறார்கள். ஒரு ஜாடிக்கு இரண்டரை கிலோ முள்ளங்கி, இரண்டு லிட்டர் தண்ணீர். சேர்த்து நாலரை கிலோ. அதில் 3 சதவீதம் என்றால் 135 கிராம் உப்பு. தண்ணீருக்கு மட்டும் பார்த்திருந்தால் 60 கிராம்தான் போயிருக்கும். கிழங்கின் நீரும் கலந்தபின் உப்பு ஒன்றரை சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருக்கும். உப்பை வறட்டி, தராசில் நிறுத்துத்தான் போட்டார்கள்.

துண்டுகள் மிதக்கும் என்பதால் மேலே ஒரு பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்து அமுக்கி, தினமும் ஒருமுறை மூடியைத் தளர்த்திக் காற்றை விட்டார்கள். ஒரு ஜாடியை நெல் குதிர் இருக்கும் குளிர்ந்த அறையில் வைத்தார்கள். இன்னொன்று பழக்க தோஷத்தில் அடுப்படி மேடைக்கே போய்விட்டது. மூன்றாம் நாள் இரண்டிலும் குமிழி. வாடையைக் கேட்டுப் பக்கத்து வீட்டார் சாக்கடை அடைத்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். முள்ளங்கி நொதிக்கும்போது அந்த வாடை வருவது வழக்கம், புளிப்பு ஏற ஏற அடங்கும். நீர் லேசாக மஞ்சளானதைப் பார்த்தும் வீட்டில் பயந்தார்கள். அதன் காரத்தைத் தரும் பொருள் சிதையும்போது வரும் நிறம் அது.

ஐந்தாம் நாள் குதிர் அறை ஜாடியில் தாள் 4-க்குக் கீழே காட்டியது. கடித்தால் நறுக்கென்று இருந்தது. அடுப்படி ஜாடியில் புளிப்பு இன்னும் சீக்கிரமாகவே ஏறிவிட்டது, ஆனால் துண்டுகள் கொழகொழத்துவிட்டன. மேலே மெல்லிய வெள்ளை ஆடை ஒன்றும் படர்ந்திருந்தது. பூஞ்சை மாதிரி ரோமம் இல்லாமல் தட்டையாக இருந்ததால் அது ஈஸ்ட் படலம். வழித்தெடுத்துவிட்டு உண்ணலாம் என்ற நிலையில் இருந்தாலும், மென்மையாகிப்போனதை யாரும் விரும்பவில்லை, பாதி வீணானது. ஒரே கிழங்கு, ஒரே உப்பு. வைத்த இடத்தின் சூடு மட்டும்தான் வேறு.

உலர்த்திய ஊறுகாய்

இங்கே மாமியாரை முன்னால் நிறுத்தினோம், அது சமாதானத்துக்காகச் செய்தது இல்லை. வத்தல் போடத் தெரிந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான், இந்த முறைக்கு வேண்டியதும் அந்த அறிவுதான். காணும் பொங்கல் முடிந்ததும் தொடங்கினார்.

விரல் நீளத் துண்டுகளாக்கி, 3 சதவீத உப்புப் பிசறி, இரவு முழுக்க வைத்து, காலையில் வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்தார். வாளியில் தேங்கிய நீரைப் பார்த்துவிட்டு, “இத்தனையுமா அந்த ஜாடிக்குள்ள இருந்துச்சு?” என்று அவராகவே கேட்டார். அப்புறம் மொட்டை மாடியில் பாய் விரித்து, மேலே வேட்டியைப் போட்டுக் காயவைத்தார். தை மாதத்து வெயில் நல்ல வெயில்தான், பனிதான் எதிரி. நாலு மணிக்கெல்லாம் உள்ளே எடுத்துவிடுவார்; காலையில் பாய் காய்ந்த பிறகே மறுபடி விரிப்பார். இடையில் ஒரு நாள் வானம் மூடிக்கொண்டது, அன்றைக்குக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே. துண்டை வளைத்தால் ஒடியாமல் தோல்போல வளைய வேண்டும், அமுக்கினால் ஈரம் கசியக் கூடாது என்பது அவர் வைத்த பதம். பன்னிரண்டு கிலோ அந்தப் பதத்தில் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வந்து நின்றது.

நீர் போயிற்று, புளிப்பு இன்னும் வரவில்லை. அதனால் 600 மில்லி வினிகரும் ஏறக்குறைய அரை லிட்டர் எலுமிச்சைச் சாறும் சேர்த்து இரண்டு நாள் ஊற வைத்தோம். காய்ந்த துண்டு அதை முழுக்கக் குடித்துவிட்டது. நடுப்பகுதியை நசுக்கித் தாளில் பார்த்தபோது 4-க்குக் கீழே இருந்தது. 4.6 எல்லைதான் என்றாலும் தாள் அவ்வளவு நுட்பமாகக் காட்டாது, ஆகவே 4-க்கு மேல் காட்டினால் மேற்கொண்டு போவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தோம். அதற்குப் பிறகுதான் மசாலா, கடைசியில் நல்லெண்ணெய். ஒரே பெரிய ஜாடிக்குப் பதிலாகச் சின்னக் கண்ணாடி பாட்டில்களில் நிரப்பினார்கள். ஒன்றைத் திறந்து கைபட்டாலும் மற்றவை பாதிக்கப்படாது.

விளைவு

வினிகர் பாட்டில்கள் தை முடிவதற்குள் தீர்ந்தன. குதிர் அறை ஜாடியைக் குளிரில் வைத்து மாசி வரை சாப்பிட்டார்கள். பழைய சோற்றுக்கு அது நன்றாகச் சேர்ந்தது. உலர்த்திய ஊறுகாய் பங்குனியிலும் மணம் மாறாமல், கடிக்கப் பதமாக இருந்தது. மாமியாருக்கு ரத்த அழுத்தம் உண்டு, அதனால் அவர் பங்கைத் தண்ணீரில் அலசி, அதுவும் கொஞ்சமாகத்தான் கொடுக்கிறார்கள். தெருவில் சிலர் விலைக்குக் கேட்டார்கள். வீட்டில் செய்ததானாலும் விற்பதென்றால் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். அதைச் செய்யாமல் விற்க வேண்டாம் என்று நான் சொன்னதை ஏற்றுக்கொண்டார்கள்.

செலவுக் கணக்கில் புதைத்த ஜாடியின் எண்ணெயும் மசாலாவும்தான் பெரிய இழப்பு. உலர்த்திய ஊறுகாய்க்கு உழைப்பு அதிகம், ஆனால் மின்சாரம் வேண்டாம், இடமும் அடைக்காது. படுகையில் அடிக்கடி மின்தடை வரும் வீடுகளுக்கு நான் இதையே முதலில் பரிந்துரைப்பேன்.

அடுத்த முறை மாறுவது

விதைப்பிலிருந்தே மாற்றம் தொடங்குகிறது. பாத்தியை நான்காகப் பிரித்து, பத்து நாள் இடைவெளியில் விதைக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். முதல் பங்கு பொங்கலுக்கு முன்பே சமையலுக்கு வந்துவிடும். கடைசிப் பங்கு நல்ல வெயிலில் உலர்த்தக் கிடைக்கும். நாற்பதாம் நாளிலிருந்து தினம் ஒரு காம்பை வெட்டிப் பார்ப்பது கணவரின் பொறுப்பு. ஜாடிகள் இனி அடுப்படிக்குப் போகாது. உப்புத் தராசும் தாள் கட்டும் மருமகளின் அலமாரியில் இருக்கின்றன. கத்தரிக்காய், பூண்டு, பாகற்காய் என்று சொந்தப் புளிப்பு இல்லாத எதை எண்ணெயில் போட்டாலும் முதலில் தாளில் பார்ப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிடுங்காமல் விட்ட சில செடிகள் மாசியில் பூத்துக் காய் பிடித்தன. அந்தப் பிஞ்சுக் காயும் உண்ணக்கூடியதே, முள்ளங்கியின் காரம் அதில் லேசாக இருக்கும். மாமியார் அதையும் ஒரு பாட்டில் வினிகரில் போட்டார், இரண்டுக்கு ஒன்று கணக்கில்.